கரையான்சாவடிக்குப் போன கிறிஸ்துமஸ் தாத்தா

மாலை நான்கு மணிக்கு அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து எங்கள் சபையின் கீதபவனி வேன் கிளம்பியது. கீதபவனி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டிசம்பர் வந்தால் டிரம்ஸ், கீபோர்டு சகிதம் சபைக் குடும்பங்களின் வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். அவர்கள் கேக்கும் முறுக்கும் தருவார்கள். திரும்பும்போது குரலும் இருக்காது, பசியும் இருக்காது.

வேனின் முகப்பில் ‘மெய்க் கிறிஸ்தவராய் வாழ்வோம்’ என்று பேனர். அன்று காலை ஆயரின் பிரசங்கமும் அதுதான். பகைத்தவனோடு ஒப்புரவாகு என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். சபையே தலையாட்டியது. என் கணவர் ஜெயசீலன் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினார். சொந்த அண்ணனோடு அவர் பேசி இரண்டு வருடமாகிறது.

சொத்துத் தகராறு என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். இது சபைக் கமிட்டித் தேர்தல். அண்ணன் தங்கராஜும் இவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். தம்பி ஜெயித்தார். அன்றோடு கரையான்சாவடியில் இருக்கும் அண்ணன் வீட்டுப் பக்கம் போவதில்லை. இவருக்கு நடுவில் சாப்பாடு இறங்காத நாட்கள் உண்டு. காரணம் கேட்டால் வாயுத் தொல்லை என்பார்.

ஆவடியில் வழக்கமான நெரிசல். டிரைவர் பாபு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“மேடம், பேனர்ல மெய்க் கிறிஸ்தவர்னு போட்டுக்கீதே. அப்ப டூப்ளிகேட்டும் கீறாங்களா?”

“வேனுக்குள்ளதான் இருக்கோம். நீங்க ஓட்டுங்க.”

ஐந்தரைக்கு நெமிலிச்சேரி. அங்கே பாடிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தோம். சர்க்கரைப் பாகில் டீயைக் காட்டியிருந்தார்கள். பிறகு வெளிவட்டச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடுத்த வீடு அண்ணன் வீடு. சபை வழக்கப்படி எந்த வீட்டையும் தாண்டிப் போகக்கூடாது.

“நான் வேன்லயே உக்காந்துக்கறேன்,” என்றார் என் கணவர். சிக்கல் என்னவென்றால், அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் தாத்தா அவர்தான். சிவப்பு அங்கி, வயிற்றில் தலையணை.

“தாத்தா வரலன்னா தெருப் பிள்ளைங்க அழும் பிரதர்,” என்றார் ஆயர்.

“முகமூடி இருக்குல்ல? ஒருத்தருக்கும் தெரியாதுங்க,” என்று நானே மாட்டிவிட்டேன்.

ஏழு மணிக்கு அண்ணன் வீட்டில் நுழைந்தோம். பாடினோம், தாத்தா ஆடினார். ஆடினால் என் கணவரின் வலது கால் ஒரு பாட்டுக்கும் இடது கால் வேறு பாட்டுக்கும் ஆடும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்த ஆட்டம் வராது. மிட்டாய் கைக்கு வந்ததும் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். அண்ணன் தாத்தாவையே முறைத்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் ஜெபிக்க வேண்டும். ஆமென் வரும்வரை யாரும் கண் திறக்கக்கூடாது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: நேரில் சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவது. கடவுளிடம் பேசும்போது யாரும் குறுக்கிட முடியாதல்லவா?

அண்ணன் தொடங்கினார். “பரலோகப் பிதாவே, தேவரீரைத் துதிக்கிறோம். என் தம்பி ஒருவன் இருக்கிறான், ஆண்டவரே. எலெக்‌ஷன் அன்னிக்கு கிழவிங்களை ஆட்டோல ஏத்தி, பிரியாணி போட்டு ஓட்டு வாங்கினவன். அவனை மன்னியும்.”

முகமூடிக்குள்ளிருந்து பதில் ஜெபம் கிளம்பியது. “அது பிரியாணி இல்ல, தக்காளி சாதம்னு உமக்குத் தெரியும் ஆண்டவரே. நோட்டீஸ்ல என் பேரக் கிழிச்சது யாருன்னும் தெரியும்.”

நான் ஒரு கண்ணைத் திறந்தேன். ஆயர் இரண்டையும் திறந்து வைத்திருந்தார்.

“பெரியவன்னு ஒரு மரியாத வேணாவா, கர்த்தாவே?”

“டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன், ஆண்டவரே. சபையே வந்துச்சு. கூடப் பொறந்தவன் வரல.” முகமூடி விம்மியது.

அண்ணன் மறுபடி ஜெபித்தார். “வந்தேன் ஆண்டவரே. மூணு நாளும் வந்தேன். ஆஸ்பத்திரி கேட்டாண்ட இவன் அணி ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. வெக்கமா இருந்துது. வெளியவே நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போய்ட்டேன்.”

என் கணவர் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். “இன்னாண்ணே சொல்ற? வந்தியா?”

இரண்டு வருடத்தில் கடவுள் வழியாக இல்லாமல் நேராகப் போன முதல் பேச்சு அது. அண்ணன் அழுதுகொண்டே தம்பியை இழுத்து அணைத்தார். இடையில் தலையணை இருந்ததால் அணைப்பு சரியாக அமையவில்லை. நானும் அழுதேன். அண்ணி முறுக்குத் தட்டோடு அழுதார்.

வாசலில் பாபு கேட்டார்: “மேடம், உங்காள்ங்க சண்ட போட்டாக்கூட கண்ண மூடிகினுதான் போடுவாங்களா?”

காலையில் பிரசங்கத்துக்குத் தலையாட்டியது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவேண்டியதில்லையே.

வேன் கிளம்பும்போது அண்ணனும் ஏறிக்கொண்டார். இடமில்லை, தம்பி மடியில் பாதி உட்கார்ந்தார். அடுத்து குமணன்சாவடியில் ஒரு வீடு. பாடி முடித்தோம். வீட்டுக்காரர் கூச்சப்பட்டு, யாராவது ஜெபியுங்கள் என்றார்.

“நீ பண்ணுண்ணே.”

“நீ பண்ணுடா, ஜெயிச்சவன் நீதான?”

“பெரியவன் நீ. நீ பண்ணு.”

கேக் காய்ந்துகொண்டிருக்க, அண்ணனும் தம்பியும் கண்ணைத் திறந்துகொண்டு சண்டை போட்டார்கள்.