மஞ்சள் கட்டம்

உத்தமபாளையத்து பாஜிலாவுக்கு நடந்தது இது. கேட்டால் இன்றும் அவள் தன் வாயாலேயே சொல்வாள். அவள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை.

பாஜிலா கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவள். முகூர்த்தமில்லாத நாளென்றால் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவாள். வருசநாட்டு மலைப்பாதை, குச்சனூர் வயல், பெரியகுளத்து மாந்தோப்பு... எங்கே வெளிச்சம் அழகாக விழுகிறதோ அங்கே வண்டி நின்றுவிடும். "யாருமே கேக்காத படத்துக்கு இம்புட்டு அலைச்சலா?" என்று அவள் அம்மா திட்டுவார். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அன்று சாயங்காலம் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்கடியில் கன்னங்கரேலென்று குலைகள். இலை இடுக்கில் சரிந்து வரும் வெயில். விட மனசில்லை. தோட்டக்காரர் ராஜபாண்டியிடம் கேட்டாள்.

"தாராளமா எடு தங்கச்சி. அப்படியே அண்ணனையும் ஒண்ணு எடு."

மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு பந்தலைத் தாங்கும் கல்தூணில் சாய்ந்து நின்றார்.

கேமராவை உயர்த்தினாள். எதிரே முகம் எங்கே இருக்கிறதென்று கேமராவே கண்டுபிடித்துத் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் போடும். ராஜபாண்டியின் முகத்தில் கட்டம் விழுந்தது. அவருக்குப் பின்னால், பந்தல் முடியும் இடத்தில், சின்னதாக இன்னொரு கட்டமும் விழுந்தது.

அங்கே யாரும் இல்லை. கொடிகள் மட்டும்தான்.

லென்ஸைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். இரண்டாவது கட்டம் பாதி தூரம் நெருங்கி வந்திருந்தது. முன்னைவிடப் பெரிதாக...

குப்பென்று பூச்சிமருந்து வாடை.

"அண்ணே, இன்னைக்கு மருந்தடிச்சீகளா?"

"அறுப்புக்கு நிக்கிற குலைக்கு யாரு மருந்தடிப்பா?"

"அப்ப பின்னால யாராச்சும் வர்றாகளா? கேமரா இன்னொரு முகம் இருக்குன்னு காட்டுது. உங்க தோள் உசரத்துக்கு..."

ராஜபாண்டி திரும்பிப் பார்த்தார். மறுபடி இவள் பக்கம் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அழிச்சிரு."

"இன்னும் எடுக்கவே இல்லண்ணே."

"கேமராவக் குடுடி!"

பாய்ந்து வந்து வாரைப் பிடித்து இழுத்தார். பாஜிலா விடவில்லை. பின்னால் நகர்ந்தாள். முதுகில் இன்னொரு கல்தூண் இடித்தது. அதற்குமேல் போக வழியில்லை. கத்தினாள். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

லென்ஸ் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தபடியே இருந்தது. திரையில் இரண்டு கட்டங்கள்.

ஒட்டிக்கொண்டு...

பிறகு ஒரே கட்டம்.

ராஜபாண்டியின் பிடி தளர்ந்தது.

"வேணாம்டி... சங்கிலி... வேணாம்..."

தலை பின்னால் வளைந்தது. யாரோ பிடித்து வளைத்ததுபோல. வாய் பிளந்தது.

களக்...

களக்...

தொண்டைக்குள் எதுவோ இறங்கும் சத்தம்.

நுரை.

விழுந்தார்.

பாஜிலாதான் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயிறு நிறையப் பூச்சிமருந்து என்றார்கள். போலீஸ் தோட்டத்தையும் அவள் பையையும் சல்லடை போட்டுத் தேடியது. ஒரு மருந்து டப்பாகூடக் கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்து, அந்தத் தோட்டத்தில் குலை வெட்டப் போகும் இருளம்மாள் பாஜிலாவைத் தேடி வந்தாள்.

"சங்கிலியம்மா அந்த ராஜபாண்டியோட பொண்டாட்டி, ஆத்தா. போன வருசம் செத்துப்போனா. தானா மருந்தக் குடிச்சிட்டான்னு ஊரெல்லாம் சொன்னான். நாந்தான் அவளக் குளிப்பாட்டுனேன். தாடையில ரெண்டு பக்கமும் விரல் பதிஞ்சு கன்னிப்போயிருந்துச்சு. யாருகிட்டப் போய்ச் சொல்ல? அவன் பெரிய ஆளு."

பாஜிலா அவளைத் திண்ணையில் உட்கார வைத்தாள்.

"இவனக் கிடத்தியிருந்தப்பவும் போய்க் கிட்ட நின்னு பாத்தேன். இவன் தாடையிலயும் அதே மாதிரி விரல் பதிஞ்சிருந்துச்சு..."

இருளம்மாளின் குரல் இறங்கியது.

"அவ தாடையில இருந்தது ஆம்பள விரலு ஆத்தா. இவன் தாடையில இருந்தது... பொம்பள விரலு."