செல்ஃப் அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லை

நான் ஓட்டுகிற லட்சணத்தால்தான் கார் படுத்துவிட்டது என்று ஒரு முழு நாள் என் வீட்டு வாசலில் நின்று பேசினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். கார் அவர் வாங்கியது, தென்காசியில் அதை ஓட்டுவது நான். சிவகிரியில் என் அம்மா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்திருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறோம். இருந்தாலும் சனிக்கிழமை நான் போய்த் தலைக்கு ஊற்றி, நகம் வெட்டி, ஒரு வேளை ஊட்டிவிட்டால்தான் அவளுக்கு அந்த வாரம் வாரமாக இருக்கும். பஸ்ஸில் போனால் பாதிப் பகல் வழியிலேயே போய்விடும், இங்கே மாமியாரை அவ்வளவு நேரம் தனியாக விடவும் முடியாது. அம்மாவிடம் போக எனக்கு அந்தக் காரை விட்டால் வழியில்லை.

குற்றாலத்தில் சீசன். வியாழக்கிழமை கொழுந்தன், சென்னையிலிருந்து வந்த கூட்டாளிகளை அருவிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று காரைக் கேட்டான். கொடுத்தேன். சாயங்காலம் கொண்டுவந்தபோது சீட்டெல்லாம் ஈரம், கீழே எண்ணெய்ப் பிசுக்கு. அதைப் பற்றிக்கூட நான் வாய் திறக்கவில்லை. வாளியும் துணியுமாக நான் துடைத்துக்கொண்டிருக்க, அவன் உள்ளே போய் அவன் அம்மாவோடு காப்பி குடித்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பெட்ரோல் போட எடுக்கிறேன், வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை இங்கே எல்லோரும் செல்ஃப் என்போம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின்தான் பிடிக்கவில்லை. ஸ்பீடு மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, கார் படத்துக்குள் பூட்டு வரைந்தது, மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற நாளில் அது சாவி போட்டதும் அணைந்துவிடும்.

கொழுந்தனுக்குச் சொன்னேன். இலத்தூர் விலக்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அண்ணாச்சியிடம் அந்த விளக்கைக் காட்டினேன். அவர் விளக்கையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கொழுந்தனிடம், பேட்டரி இறங்கிவிட்டது என்றார். செல்ஃப் இந்தச் சுற்றுச் சுற்றுகிறதே, பேட்டரி எப்படி இறங்கியிருக்கும் என்று கேட்டேன்.

"நீங்க உள்ள போங்கம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

வேறு பேட்டரி மாட்டினார்கள். அதே கதை. பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு கரண்டே வரவில்லை என்றார்கள். சாரலில் நனைந்து வயரிங் போய்விட்டது என்றார்கள். இதே சாரலில் எத்தனை வருஷமாக வண்டி நிற்கிறது! மத்தியானம் என்ஜினில் பாதி தரையில் கிடந்தது. திரும்பப் பூட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டி போயிருக்கும், திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று முடித்தார்கள். கொழுந்தன் பானட்டில் சாய்ந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மயினி ஓட்டுத ஓட்டுக்கு இத்தன நாள் தாங்குனதே பெருசு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன், அந்தப் புத்தியை எதில் அடிப்பது?

சாயங்காலம் வீட்டுக்காரர் போன். தம்பி எல்லாம் சொல்லிவிட்டானாம். ரிப்பேர் செலவைத் தம்பி பார்த்துக்கொள்வானாம், வண்டியும் இனி அவனிடமே இருக்கட்டுமாம். அம்மாவைப் பார்க்க நான் எப்படிப் போவேன் என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போயேன். ஊருல எல்லாரும் பஸ்ஸுலதான போகுதாங்க."

படுக்கையில் கிடக்கிறவள் அவருடைய அம்மா என்றால் இப்படிச் சொல்லியிருப்பாரா? போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் காரில் போய் உட்கார்ந்தேன். டேஷ்போர்டு பெட்டியில் வண்டியோடு வந்த புத்தகம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அந்தச் சிவப்பு விளக்கின் படத்தைத் தேடி எடுத்தேன். வண்டிக்குச் சாவி அடையாளம் தெரியாவிட்டால் விளக்கு மினுக்கும் என்று ஒரே வரி. பீரோவில் இருந்த இன்னொரு சாவியை எடுத்து வந்து திருப்பினேன். ஒரே அடியில் பிடித்தது. கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழைய சாவியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தேன். உள்ளே மிளகை விடச் சின்னதாக ஒரு குழி, காலியாக இருந்தது. அதில் இருக்கவேண்டிய சிப், வண்டிக்குச் சாவியை அடையாளம் காட்டுகிற சில்லு, அதைக் காணோம். அது இல்லாமல் கதவு திறக்கும், செல்ஃப் அடிக்கும், என்ஜின் மட்டும் பிடிக்காது. மாமியாரிடம் காட்டினேன்.

"இதையா? அன்னைக்கு சின்னவன் வந்து களத்தி ஃபேனுக்கு அடியில காயவச்சாம்லா. இடுப்புல முடிஞ்சிட்டு அருவியில நின்னானாம், நனைஞ்சிட்டாம்."

வெளியே வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயமாம். மறுநாள் காலை அந்த அறையைப் பெருக்கி, கீழே விழுந்த சில்லையும் சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டவள் நானேதான்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். சாவி நனைந்தால் காயவைக்கமாட்டார்களா, தான் என்ஜின் பக்கமே போகவில்லையே என்றான். ஒரு பகல் முழுக்க என்ஜினைப் பிரித்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், சாவியைத் திறந்தேன் என்று ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. மெக்கானிக் அண்ணாச்சியோ, தானும் முதலிலேயே அதைத்தான் சந்தேகப்பட்டதாகச் சொன்னார். இந்த ஆட்களை என்ன செய்வது?

மாமியாரைப் பார்த்துக்கொள்ளும்படி எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு சிவகிரிக்குக் கிளம்பினேன். அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றித் துவட்டி, சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். தம்பி சின்னப் பையன், விட்டுவிடு என்றார். சின்னப் பையனுக்கு முப்பத்திரண்டு வயது. வண்டிதான் சரியாகிவிட்டதே, பேசியது பேசியதுதான், நாளைக்குத் தம்பி வந்து எடுத்துக்கொள்வான் என்றும் சொன்னார்.

"ஸ்டார்ட் ஆகுத சாவி இப்ப ஒண்ணுதான் இருக்கு. அது எங்கிட்ட இருக்கு" என்றேன்.

போனில் யார் என்று அம்மா குழறலாகக் கேட்டாள். காரைக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்ச் சோற்றைக் கொடுத்தேன்.