மூன்றாவது முறை கூப்பிட்ட குரல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இப்போதும் குடியிருக்கும் இதே வீட்டில் நடந்தது இது. அப்போது என் மகனுக்கு நான்கு வயது நிரம்பவில்லை. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் பள்ளி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் காலியாக இருந்த அறைக்கு, கணவரின் நண்பர் மூலமாக ஒரு பிரெஞ்சு அம்மாள் வாடகைக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். தன் நாட்டில் பெரிய மேடைகளில் இசை நாடகங்களில் பாடியவராம். ஒரு நாடகத்தில் இந்தியக் கோயில் பூசாரியின் மகளாக நடித்தபோது, காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்த சிவப்புப் பட்டில் உடை தைத்துக் கொடுத்தார்களாம். அந்தப் பட்டு எந்த ஊரில் நெய்யப்பட்டதோ, அந்த ஊரில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுவார். என்னைக் கண்டால் கைகூப்புவார். நல்லவராகத்தான் தெரிந்தார்.

ஆனால் வந்த சில நாட்களிலேயே மாடியிலிருந்து பல பேருடைய சத்தம் வர ஆரம்பித்தது. ஒரு பையன் குறும்பாகச் சிரிப்பான். ஒரு கிழவி யாரையோ அதட்டுவாள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம்பெண் விம்மி அழுவாள். துணி காயப்போடும் சாக்கில் நான் மேலே போய்ப் பார்த்தேன். அறை வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் இருந்தது.

எதிர்வீட்டு அக்காவும் கவனித்திருக்கிறார். அவர் தறி நெய்கிறவர். சத்தத்திலேயே வாழ்கிறவர்.

“இன்னாமா, வாடகைக்கு ஒருத்தின்னு சொன்ன. மேல ஒரு கல்யாண வூடே நடந்துக்கினு இருக்குது?” என்றார்.

ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபோது அந்த அம்மாளே விளக்கினார். சிறு ஊரில் தேவாலயப் பாடகர் குழுவில் ஆரம்பித்தவர். முதலில் மெல்லிய குரல் என்பதால் வேலைக்காரப் பெண் வேடங்கள் கிடைத்தன. பிறகு பையன் வேடம், இளவரசி, கன்னியாஸ்திரி, பித்துப்பிடித்த ராணி. குரல் கனத்த பிறகு சூனியக்காரியும் ஆனார். ஒரு நாடகத்தில் இடைவேளை வரை மகளாகவும், அதற்குப் பின் அவளுடைய தாயாகவும் அவரே பாடியிருக்கிறார். தெரியாத மொழிகளில்கூட, அர்த்தமே புரியாமல், காதால் கேட்டு அப்படியே பாடுவாராம். மேடையை விட்டு விலகிய பிறகும் தினமும் எல்லா வேடங்களையும் ஒருமுறை பாடிப் பார்ப்பது வழக்கமாம்.

“என் மகளிடம் தொலைபேசியில் பேசினால், இப்போது எந்த வேடத்தில் பேசுகிறாய் என்று கேட்கிறாள்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆடி அமாவாசை அன்று நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. எங்கள் பகுதியில் அமாவாசை அன்று தறி ஓட்ட மாட்டார்கள். தெரு முழுவதும் காது அடைத்தது போல் அமைதி. உச்சி வெயில் நேரம். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“கண்ணாஆ... சாப்ட வாடா.”

அது என் குரல். என் குரலைப் போன்ற குரல் இல்லை, என்னுடையதேதான். கண்ணாவின் கடைசியில் நான் இழுக்கும் இழுப்பு, வாடாவில் வரும் லேசான சலிப்பு, எல்லாம் இருந்தன. நான் வாயைத் திறக்கவே இல்லை. மகன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான்.

“அம்மா மேல கூப்புடுது” என்று சொல்லிவிட்டு எழுந்து மாடிப்படியை நோக்கி ஓடினான்.

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னைத் தேடி ஓடினான். பாதிப் படியில் பிடித்துத் தூக்கிவந்தேன்.

மாலையில் அந்த அம்மாளிடம் கேட்டேன். அவர் உண்மையிலேயே வருந்தினார். ஒரு புது இடத்தில் எந்தச் சத்தத்தை அதிகம் கேட்கிறாரோ, அதைத் தன் தொண்டை தானாகக் கற்றுக்கொள்ளும் என்றார். “இந்த வீட்டில் நீங்கள் அவனைக் கூப்பிடுவதைத்தான் நாள் முழுவதும் கேட்கிறேன்.” இனிச் செய்ய மாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். சொன்னபடியே இருந்தார். கணவரோ, “ஒரு அம்மா இருக்கும்போதே இந்த வீட்ல என்னால தாங்க முடியல, இப்ப ரெண்டா?” என்று கேலி செய்தார்.

எனக்கு மட்டும் மனது ஆறவில்லை. எதிர்வீட்டு அக்கா வேறு பயமுறுத்தினார்.

“உச்சி வெயில்ல காத்து கருப்பு தெரிஞ்சவங்க கொரல்லயே கூப்புடும்மா. ஒரு தபா கூப்ட்டா ஏன்னு கேக்கக் கூடாது. மூணு தபா கூப்ட்டாதான் மனுசங்க. அதுக்கு மூணாவது தபா கூப்புட வராது.”

படித்தவள் இதை நம்பலாமா என்று ஒரு மனம் கேட்டது. சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று இன்னொரு மனம் கேட்டது. இரண்டாவது மனம்தான் ஜெயித்தது. தினமும் சாயங்காலம் மகனுக்குப் பயிற்சி கொடுத்தேன். அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். வேறு யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் “இதோ மா” என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அது பிடித்த விளையாட்டாகிவிட்டது.

ஆடி முடிவதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. ஒரு வாரம் பேசவே கூடாது என்றார் டாக்டர். மகனைக் கைதட்டித்தான் கூப்பிட்டேன். அப்படி ஒரு நாள் பிற்பகல், மாத்திரை மயக்கத்தில் கண் அசந்து எழுந்தபோது தெருக்கதவு திறந்திருந்தது. மகனைக் காணவில்லை.

தெருவுக்கு ஓடிக் கைதட்டினேன். தறிச் சத்தத்தில் என் கைத்தட்டல் எனக்கே கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்காவின் ஜன்னலைத் தட்டிச் சைகையில் சொன்னேன். அவர் தறியிலிருந்து எழுந்து வந்து கத்தினார்.

“தறிய நிறுத்துங்கப்பா! கொயந்தையக் காணோம்!”

ஒவ்வொரு வீடாகத் தறிகள் நின்றன. அமாவாசை அமைதி அந்தத் தெருவில் மறுபடியும் இறங்கியது. எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் பதில் சொல்ல மாட்டான். சொல்லக் கூடாது என்று பழக்கியவள் நான்தான். அவன் எதிர்பார்க்கும் ஒரே குரல் என்னிடம் இல்லை.

மாடிக்கு ஓடினேன். சத்தம் கேட்டு அந்த அம்மாள் மொட்டைமாடிக்கு வந்திருந்தார். அவர் கையைப் பிடித்து என் தொண்டையில் வைத்தேன். பிறகு அவருடைய தொண்டையைத் தொட்டேன். தெருவைக் காட்டினேன். எதைச் செய்யவே கூடாது என்று கேட்டிருந்தேனோ, அதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கைப்பிடிச் சுவர் ஓரம் போய் மூச்சை உள்ளே இழுத்தார்.

“கண்ணாஆ...”

மைக் இல்லாமல் பெரிய அரங்குகளை நிறைத்த மூச்சு அது. என் குரல் தெரு முழுக்கப் போனது. கீழே நின்ற அக்கா நிமிர்ந்து, மூடியிருந்த என் வாயைப் பார்த்துவிட்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“கண்ணாஆ...”

பதில் இல்லை. அந்த இடைவெளியில் என்னென்னவோ தோன்றியது. மூன்றாவது முறை வராதோ என்று நினைத்தேன். எத்தனை முறை கூப்பிட வேண்டும் என்பதை அவர் அறிந்திருப்பாரா? நான் சொல்லவே இல்லையே? ஆனால் தினமும் சாயங்காலம் நான் கொடுத்த பயிற்சி மாடிவரை கேட்டிருக்க வேண்டும். அர்த்தம் தெரியாமல், ஒரு பாட்டைப் போல, அவர் அதை முழுதாகக் கற்று வைத்திருந்தார்.

“கண்ணாஆ...”

“இதோ மா.”

பதில் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது.

பக்கத்து மனையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தரைக்கு அடியில் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே வைத்திருந்த ஏணி வழியாக இறங்கி, இருட்டில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான் என் மகன். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியை நிரப்ப வந்த லாரி.

“மூடி தொறந்துகினுதான் கீது. பைப்ப உள்ள வுட்டுட்டு வால்வத் தொறந்துடுவேன். எவன் எட்டிப் பாக்குறான்?” என்ற டிரைவர், வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மகன் மட்டும் பெருமையாக இருந்தான். “எல்லாரும் கூப்ட்டாங்கமா. நான் பேசவே இல்லியே. நீ மூணு தபா கூப்ட்ட, அப்பதான் சொன்னேன்.”

அந்த அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் மடியில் மகனை உட்கார வைத்தேன். “எத்தனையோ வருடம் பாடியிருக்கிறேன், கை தட்டினார்கள், பூ கொடுத்தார்கள். நான் கூப்பிட்டு யாரும் வந்ததில்லை” என்றார். அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார்.

என் குரல் சில நாட்களில் திரும்பி வந்தது. ஆனால் இன்றும் நான் கூப்பிட்டால் மகன் சில சமயம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நீயா மா?” என்கிறான். நான்தான் என்று சொல்வதற்கு முன் எனக்கே ஒரு கணம் தயக்கம் வருகிறது. என்னிடமிருந்து அவனை யாரும் பிரித்துவிடக் கூடாது என்று நான் பூட்டிய பூட்டுக்கு, என் கையிலேயே சாவி இல்லாமல் போன அந்தப் பிற்பகலில், கடல் தாண்டி வந்த ஒருவர் என் குரலை எனக்காக வைத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தப் பழைய பயமும் நன்றியும் இன்னும் ஒன்றாகவே வருகின்றன.