ஐந்நூறு மீட்டர் மான்

கடற்கரை பலூன் கடையில் சித்தப்பா துப்பாக்கியைத் தூக்கினார். துப்பாக்கி வெடித்த ‘டப்’ சத்தத்தில் அவர் பெண் பார்க்கப் போன நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் நியூசிலாந்தில் வேட்டைக்காரர் விடுதியில் சமைத்தவர். பெண் வீட்டில் சாயாவை உறிஞ்சியபடி, “மலைல ஐந்நூறு மீட்டர்ல நின்ன மானைச் சுட்டேனாக்கும்” என்றார்.

கூடப் போயிருந்த எனக்கு அப்போது எட்டு வயது. “பொய் சித்தப்பா! நம்ம வாசல்லேருந்து மிளகு குடோன் முந்நூறு மீட்டர்தான். அங்க நிக்கறது ஆடா நாயான்னே தெரியாது!”

சித்தப்பா முகம் வெளிறியது. பிறகு மெல்லச் சொன்னார்: “இருநூறுதான் இருக்கும். மலைக்காத்து தெளிவு, எவ்வளவு தூரம்னு பிடிகிட்டாது. குண்டும் படல்லை.”

உள்ளேயிருந்து பெண் சிரித்தாள். கல்யாணம் நிச்சயமானது.

இன்று பத்தடி தூரத்து பலூன் உடையவில்லை.

“காத்து ரொம்பத் தெளிவு, இல்லையா?” என்றாள் சித்தி.