முடிச்சுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அதன் பின்னால் ஓர் ஆணியில் பருத்திக் கயிறு ஒன்று தொங்குவது தெரியும். இரண்டு ஆள் நீளம் இருக்கும். வாங்கியபோது வெள்ளையாக இருந்தது, இப்போது டீ வடிகட்டும் துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு முழம் தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முடிச்சுகள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது பார்த்துவிட்டு, கிணற்றுக் கயிறா சார் என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அது ஒரு குதிரையின் கடிவாளத்தில் பூட்டியிருந்த கயிறு. முடிச்சுகளைப் போட்டவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவர் போய் எட்டு வருடம் ஆகிறது.

கடலூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவர் மச்சான். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். இவருக்கு மட்டும் படகு கரையை விட்டு நகர்ந்ததுமே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். ஐந்தாறு வருடம் அப்பாவின் படகில் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கிறார். கடைசியில் அவர் அப்பாவே, "நீ கரையிலயே பொழச்சிக்கோடா, மீனுக்குத் தீனி போட்டது போதும்" என்று சொல்லிவிட்டாராம். சென்னைக்குப் போய் பந்தயக் குதிரை லாயத்தில் குதிரைக்காரராகச் சேர்ந்தார். தேய்த்துக் குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, பந்தயத்துக்கு முன்னும் பின்னும் நடத்திக்கொண்டு போவது, இதுதான் வேலை. இருபது வருடத்துக்கு மேல் செய்தார். ஒரு குதிரை உதைத்து இடது முட்டி பெயர்ந்ததிலிருந்து அவரால் குதிரைமேல் ஏற முடியாது, நடையிலும் ஒரு சாய்வு வந்துவிட்டது.

நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்களுடையது காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்கள் பக்கத்திலிருந்து முதலில் எங்கள் வாசலுக்கு வந்தவர் மச்சான்தான். கையில் ஒரு கூடை சங்கரா மீன். சுத்த சைவமான என் அம்மாவிடம் அதைக் கொடுத்துவிட்டு, குழம்பு ஜாஸ்தியாக வையுங்கள் என்று சொன்ன மனிதர். அம்மா அன்றைக்குச் சிரித்துவிட்டாள். அதன் பிறகு எங்களுக்குப் பெரிய சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் குதிரை ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. ஏழு வயது. ஓடிய கடைசி நான்கு பந்தயங்களிலும் கடைசியாக வந்ததாம். உரிமையாளருக்கு அதை வைத்துக்கொள்ளவும் மனமில்லை, கொல்லவும் மனமில்லை. நீயே கொண்டுபோய்விடு என்று மச்சானிடம் கொடுத்துவிட்டார். மச்சானும் வேலையை விட்டுவிட்டு அதோடு வந்துவிட்டார். பந்தயப் பெயர் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். எங்கள் ஊரில் செம்பழுப்பு மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி நான் செவலை என்றேன், அதுவே நின்றுவிட்டது. ஓடாமல் கிடந்த எங்கள் குடும்பத்து அரிசி ஆலையில், நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தின்மேல் கணுக்கால் உயரத்துக்கு உமியைக் கொட்டிப் பரப்பினோம். இரும்பு ஷட்டர் போட்ட பழைய குடோன்தான் லாயம்.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத்தரும் யோசனை இருந்தது. சாதுவான ஒரு குதிரையும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேடிக்கொண்டிருந்தார்கள். செவலை தேறினால் அதற்குச் சாகும்வரை இடம் உண்டு, மச்சானுக்கு வேலை உண்டு. தேறாவிட்டால் அவர் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வார், செவலைக்குப் போக இடமில்லை. ஓட மட்டுமே தெரிந்த மிருகத்துக்கு நிற்கக் கற்றுத்தர வேண்டும். மேலே ஏற ஒரு ஆள் வேண்டும். ஐம்பத்திரண்டு கிலோ எடையில், குடும்பத்திலேயே காற்றடித்தால் பறக்கிற ஆள் நான்தான். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காலையில் ஒரு மணி நேரம் குதிரை, அப்புறம் குளித்துவிட்டு பஸ்.

முதல் இரண்டு மாதம் மச்சான் அதை ஒன்றுமே செய்யவிடவில்லை. பந்தயத்துக்கு அடித்திருந்த மெல்லிய அலுமினிய லாடங்களைக் கழற்றிப் போட்டார். களத்தில் அவிழ்த்து விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து பீடி குடிப்பார். என்ன மச்சான் சும்மாவே இருக்கிறீர்கள் என்றால், "சும்மா இருக்கறதுன்னா என்னான்னு அதுக்குத் தெரியணும் மாப்ள" என்பார். பிறகு ஏறப் பழக்கினோம். பந்தயக் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கி மேலே போட்டுவிடுவார்களாம். அதனால் கால் வைத்ததுமே செவலை கிளம்பிவிடும். சிமெண்டுக் கட்டைமேல் நின்று காலைத் தூக்குவது, இறக்குவது, அசையாமல் நின்றால் ஒரு துண்டு வெல்லம். மூன்று வாரம் இதே வேலை. எனக்குத் தொடை வலித்தது, செவலைக்கு வெல்லம் பிடித்துப்போயிற்று.

அடுத்ததுதான் கயிறு. பந்தயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் குதிரை அதன்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடுமாம். "இழுத்தா ஓடுன்னுதான் அதுக்கு அர்த்தம் மாப்ள. வேற அர்த்தம் யாரும் சொல்லிக் குடுக்கல. இனிமே நாம சொல்லணும்." நிற்க வேண்டுமென்றால் கயிற்றைத் தளர்த்திவிட்டு, உட்கார்ந்த இடத்தில் கனத்து, மூச்சை நீளமாக விட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. என் கைதான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பத்து வயதிலிருந்து மாட்டு வண்டி ஓட்டியவன் நான். மாடு மிரண்டால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழு, நிற்கும். குதிரை கொஞ்சம் எட்டி நடந்ததும் என் கை தானாகக் கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும். மச்சானுக்கு நேர்மாறு. அலை படகை இழுக்கும்போது நங்கூரக் கயிற்றை விட்டுக் கொடுக்கப் பழகிய கை. பிடித்தால் கயிறு அறும், இல்லாவிட்டால் கை போகும்.

ஒருநாள் கடிவாளத்தின் தோல் வாரைக் கழற்றிவிட்டு இந்தப் பருத்திக் கயிற்றைப் பூட்டினார். வலைக்குப் போடுகிற முடிச்சு பக்கத்துக்கு ஒன்று போட்டார். "இதான் எல்ல. கை முடிச்சுக்கு இந்தப் பக்கமே இருக்கணும். அந்தப் பக்கம் போனா நீங்க மாட்டுக்காரரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கை முன்னால் நகரும்போதெல்லாம் முடிச்சு தட்டும், நான் பின்வாங்குவேன். அப்படித்தான் பழகினேன். ஒரு காலையில் நான் மூச்சை விட்டதும் செவலை நின்றது. கழுத்தைத் தாழ்த்தி அதுவும் ஒரு பெருமூச்சு விட்டது. மச்சான் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உமித்தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

பள்ளியிலிருந்து பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. தாளாளரும் இரண்டு ஆசிரியர்களும் காரில் வந்தார்கள். கார் வருவதற்காகத் திறந்த வெளிக்கதவை யாரும் மூடவில்லை. இடப்பக்கம் சுற்றினேன், வலப்பக்கம் சுற்றினேன், நிறுத்தினேன். தாளாளர் தலையை ஆட்டினார். குதிரை தங்குகிற இடத்தைக் காட்டுங்கள் என்றார். உதவி செய்கிற நினைப்பில் அவர்களுடைய டிரைவர் ஓடிப்போய் குடோன் ஷட்டரை ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார். நாங்கள் தினமும் அதை எண்ணெய் விட்டு, அங்குலம் அங்குலமாகத் தூக்குவோம். பந்தயம் தொடங்கும்போது திறக்கிற இரும்புக் கதவின் சத்தமும் அதுவும் ஒன்றுதான் என்று மச்சான் சொல்லியிருந்தார். அதை வந்தவர்களிடம் சொல்ல வேண்டுமென்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கடியில் அதன் உடம்பு மொத்தமும் திரண்டது. "கயித்த விடுங்க மாப்ள" என்று மச்சான் கத்தியது தெளிவாகக் கேட்டது. ஆறு மாதம் பழகியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. என் கை முடிச்சைத் தாண்டிப் போய்க் கயிற்றைப் பிடித்தது. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, மிரண்ட மாட்டை இழுக்கிற மாதிரி பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். செவலை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. நான் இழுக்க இழுக்க ஓடியது. திறந்திருந்த வெளிக்கதவுக்கு அப்பால் சாலை. காட்டுமன்னார்கோயில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. அந்தச் சாய்ந்த நடையோடு மச்சான் ஓடிப்போய்க் கதவுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றார். செவலை ஒதுங்கப் பார்த்தது. இடம் போதவில்லை. அதன் தோள் இடித்து அவர் கதவுத் தூணில் போய் விழுந்தார். நானும் கழுத்தின் வழியாகச் சரிந்து கீழே விழுந்தேன். கயிறு முடிச்சுவரை என் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு போய், பிறகு கையை விட்டே போனது. கயிறு விடுபட்டதும் செவலை நின்றுவிட்டது. சாலைக்கு இரண்டு அடி இந்தப் பக்கம், ஒரு காலைத் தூக்கியபடி, எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

நான் தவழ்ந்து மச்சானிடம் போனேன். அவரால் மூச்சு விட முடியவில்லை. ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. "கயித்த விட்டதும் நின்னுடுச்சு, பாத்தீங்களா மாப்ள" என்றார்.

விலா எலும்புகள் முறிந்திருந்தன, இடுப்பும் போயிருந்தது. கடலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. மூன்று மாதம். அலுவலகம் முடிந்து தினமும் போய்ப் பார்ப்பேன். "செவலைய நடத்துறீங்களா?" என்று கேட்பார். நடத்துகிறேன் என்பேன். பொய். நான் அதன் பக்கமே போகவில்லை, ஆலையைப் பார்த்துக்கொள்கிறவர்தான் தீனி வைத்தார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். ஷட்டர் சத்தத்தில் குதிரை மிரண்டுவிட்டது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். மச்சான் படுத்தபடியே என் முகத்தைப் பார்ப்பார். வெளிக்கதவை மூடாதது தன் தப்பு என்று ஓரிருவரிடம் சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மச்சானின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், ஆளைக் கொன்ற குதிரை இனி அங்கே இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மங்கலம்பேட்டைப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் வண்டியோடு வந்தார். தன்னுடைய கயிற்றைப் பூட்டி, வாயோடு ஒட்டச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். செவலை தலையைத் தூக்கிக்கொண்டு உமியில் காலை மாற்றி மாற்றி வைத்தது. அப்படிப் பிடிக்காதீர்கள், விட்டால் நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். கழற்றிப் போட்ட பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வருடம் கழித்து மனம் பொறுக்காமல் மங்கலம்பேட்டைக்குப் போனேன். அந்த ஆள் கையை விரித்தார். "மோளம் அடிச்சாலே துள்ளுது சார். இறுக்கிப் புடிச்சா இன்னும் ஓடுது. மாப்பிள்ளைய எப்படி ஏத்தறது? அடிச்சும் பாத்துட்டோம், சரிப்படல. கை மாத்தி உட்டுட்டேன்." யாரிடம் என்று கேட்டேன். சந்தையில் என்றார். அதற்கு மேல் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்திவிட்டார், தூசி என்று நினைத்து.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என் மனைவி ஆணியிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். எட்டு வருடத்தில் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. எனக்குள் ஏதோ உடைந்து, நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். என் கை முடிச்சைத் தாண்டியதை, இழுத்ததை, எல்லாவற்றையும். அவள் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஒங்க கைக்கு மருந்து போட்டது யாரு?" என்றாள். "கயித்த விட்டவுங்க கையில தோலு உரியுமா? நான் கடக்கர பொண்ணுங்க. அண்ணன்கிட்ட கேட்டேன். கேக்காத, இழுக்காத, அவரே வந்து சொல்லுவாருன்னுச்சு."

எட்டு வருடமாகத் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். 

"அண்ணன் ஆஸ்பத்திரியில தெனமும் ஒண்ணத்தான் சொல்லிச்சு. விட்டதும் நின்னுடுச்சு, விட்டதும் நின்னுடுச்சுன்னு. அத நீங்களும் யாருக்கும் சொல்லல. ஊர் முன்னால ஒங்கள நிறுத்த மனசு வராம நானும் வாய மூடிக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் செவலைய வண்டியில ஏத்திவுட்டோம்."

சுவர் காய்ந்ததும் அவளே கயிற்றை அதே ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது இரண்டு முடிச்சுகளையும் விரலால் நெருடிப் பார்த்தாள். மச்சான் போட்டது போட்டபடி இருந்தது.