உட்கார ஒரு வளையம்

மெத்தை தைப்பவர் தன் வாழ்க்கையைப் பற்றி யாரிடம் பேசினாலும், "தொழிலும் நானும் ஒண்ணாப் படுத்தோம்" என்றுதான் ஆரம்பிப்பார். தெருவில் ரப்பர் மெத்தைக் கடை வந்தபின் அவரிடம் மெத்தைக்கு யாரும் வரவில்லை. வேலையில்லாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததில் மூலம் வந்தது. அப்புறம் உட்காரவும் முடியவில்லை. சும்மா இருக்கக்கூட லாயக்கில்லாத ஆளாகிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வலி பொறுக்காமல், தான் உட்கார நடுவில் ஓட்டை வைத்து ஒரு பஞ்சு வளையம் தைத்தார். இலவம் பஞ்சை வெயிலில் காயவைத்து, கொட்டை பொறுக்கி, குச்சியால் அடித்து உப்பவைத்தார். இலவம் பஞ்சு சூடேறாது. ஓரத்தில் இறுக்கியும் உள்ளே தளர்த்தியும் அடைத்தால் பாரம் ஓரத்தில் இறங்கும். அப்பா மெத்தைக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவம் மகனின் பின்பக்கத்துக்கு உதவியது.

தலையணை தைக்கக் கொடுக்க வந்த பஸ் டிரைவர் அதில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை.

"அண்ணே, இதை எனக்குக் கொடுத்துருங்க."

"நான் உட்கார்ந்ததுப்பா அது!"

"அதனால என்னண்ணே? பஸ் சீட்டு மட்டும் புதுசா?"

டிரைவர் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். யாருமே தனக்கென்று கேட்கவில்லை. மாமனாருக்கு, மச்சானுக்கு என்று காதோடு காதாகக் கேட்டார்கள். அளவு மட்டும் தங்கள் இடுப்பில் காட்டினார்கள்.

மெத்தைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "சிம்மாசனம்னு பேர் வைப்போம். போர்டுல என் படத்தைப் போடுவோம்" என்றார் மனைவியிடம்.

"எந்தப் பக்கத்துப் படம்?" என்று கேட்டாள் அவள்.

அவர் கை தானாகப் பின்பக்கம் போனது.

"பேரும் வேணாம், போர்டும் வேணாங்க. வாங்கறவங்க வெட்கப்படாம கொண்டுபோகணும், அவ்வளவுதான்" என்றவள், பூப்போட்ட துணியில் கைப்பிடியோடு ஒரு உறை தைத்தாள். வளையத்தை மடித்து உள்ளே வைத்தால் காய்கறிப் பை மாதிரியே இருந்தது. அதன்பின் ஆட்கள் பட்டப்பகலில் வாங்கிப்போனார்கள். தையலுக்கு மனைவியின் தங்கையும் வந்து சேர்ந்தாள்.

நாள் முழுக்க நின்று பஞ்சடித்ததில் மெத்தைக்காரருக்கு மூலம் குணமாகிவிட்டது. புது வளையம் எதில் உட்கார்ந்தாலும் இப்போது அவருக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. நல்லது எது, மோசமானது எது என்று சொல்லத் தெரியவில்லை.

"எனக்கிருந்த ஒரே தகுதியும் போச்சு" என்று புலம்பினார்.

"டிரைவரை வரச் சொல்லுங்க. அவருக்கு இன்னும் இருக்கு" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.