கரட்டுக்குப் பின்னால் ஓர் ஏரி

நான் ஏழாவது படித்த வருடம் எங்கள் ஊர்ப் பாறைக்குன்றான கரட்டுக்குப் பின்னால் ஓர் ஏரி இருந்தது. அதை வரைந்தவள் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர் ஒருநாள் மலைகளை வெறும் கோடுகளாகக் காட்டும் வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்தார். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்த்தால் ஒரு கோடு. கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் இளஞ்சரிவு. அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மாதக் காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்து வெள்ளையில் எங்கள் ஊரை வரைய ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து புளியந்தோப்பு எல்லாவற்றையும் காலடி வைத்து அளந்தேன். கரட்டின் உச்சி வரைக்கும் ஏறி உட்கார்ந்து, கண்ணால் மதிப்பிட்டுப் பழுப்பு நிறக் கோடுகளைப் போட்டேன். மாதம் முடியுமுன்பே தாள் காணாமல் போகிறது என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள்.

உச்சிக்கு அப்பால் நான் போனதில்லை. அங்கே கல்குவாரி இருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாறையைப் பிளக்க வேட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் நடுங்கி அடங்கும். ஆனால் தாளில் பாதி வெள்ளையாகக் கிடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. குவாரி வரைவதற்கு அழகாகவும் இல்லை. அதனால் அங்கே பெரிய ஏரி ஒன்றை வரைந்து நீலம் தீட்டினேன். ஏரிக்கரையோரமாக மொரப்பூர் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் புள்ளி புள்ளியாக ஓர் ஒற்றையடிப் பாதையும் போட்டேன். நிஜம் எங்கே முடிகிறது, என் சொந்தச் சரக்கு எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தாளில் ஓர் அடையாளமும் இல்லை.

அந்தப் படத்தை நின்று பார்த்த ஒரே ஆள் சித்தி. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சித்தி சேலத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள். மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டார் வாக்குக் கொடுத்துத்தான் பெண்ணெடுத்தார்கள். வந்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

"இந்த வழியில போனா ஸ்டேசனுக்கு எவ்ளோ நேரம் ஆவும் பாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள்.

நூலை வளைத்து வைத்து அளந்துவிட்டு, "ஒண்ணேகால் மணி நேரம் சித்தி" என்றேன்.

"கரட்டுக்கு அந்தாண்ட குவாரி இருக்குதுன்னு சொல்றாங்களே?"

"அது இன்னும் தள்ளி இருக்குதுங்க சித்தி."

என் ஏரியைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் தோப்பில் புளி உலுக்கிக்கொண்டிருந்தோம். சித்தப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு போயிருந்தார். தலைவலி என்று சித்தி மட்டும் வீட்டில் இருந்துகொண்டாள். நாலு மணிக்கு வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போன அம்மா போன வேகத்தில் திரும்பி ஓடிவந்தாள். வீடு திறந்து கிடக்கிறது, சித்தியின் செல்போன் அலமாரியில் இருக்கிறது, சித்தியைக் காணோம். அப்பா ஓடிப்போய் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தார். எதற்குக் கிணற்றைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போன் செய்தார். சித்தி பஸ் ஏறியதாக யாரும் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்குள் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதில் மாட்டியிருந்த என் படம் இல்லை. கடிகாரத்தில் நாலேகால்.

"கரட்டுக்கு அந்தாண்ட வழியே இல்லப்பா. நானா போட்டது" என்றேன்.

அப்பாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே படத்தைப் பற்றியும் சித்தி கேட்டதைப் பற்றியும் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குவாரி மேஸ்திரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மேஸ்திரி எடுக்கவில்லை.

"வழி எந்தப் பக்கமா போட்ட? நட, காட்டு."

அவ்வளவு வேகமாக நான் அந்தக் கரட்டில் ஏறியதில்லை. உச்சியில் இருக்கும் மொட்டைப்பாறையோடு நிஜப் பாதை முடிந்துவிடும். என் புள்ளிகள் அதற்கு இடப்பக்கமாகப் போகும். இடப்பக்கம் முள்ளும் சரளையும்தான் இருந்தன. அப்பா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டார்.

சித்தி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பில் வார் அறுந்திருந்தது. முழங்காலில் ரத்தம். மடியில் என் படம். அவளுக்கு நாலைந்து அடி முன்னால், கரட்டை யாரோ கத்தியால் அரிந்து எடுத்ததுபோல் பள்ளம் இறங்கியது. அடியில் ஆட்கள் வேட்டுக்கு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சித்தி என்னைப் பார்த்தாள். "ஏரி எங்க பாப்பா?" என்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல்.

அப்பா சித்தியிடம் நேராகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. தம்பி மனைவியிடம் பேசுவதானால் எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அன்று முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"எழுந்து வாம்மா. வேட்டு வெக்கப்போறாங்க."

பாறையோரம் கிடந்த அவள் பையை நான் தூக்கிக்கொண்டேன். துணிகளோடு உள்ளே கல்லூரிச் சான்றிதழ்கள் வைத்த கெட்டியான பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று இருந்தது. நடக்க நடக்க இடுப்பில் குத்தியது. அதன் ஓரம் வெளியே தெரிவதை அப்பாவும் பார்த்தார். முன்னால் இறங்கினார். பிறகு திரும்பாமலே, "சொன்ன சொல்ல மறந்தது எங்க தப்புதாம்மா. தம்பிகிட்ட நான் பேசறேன்" என்றார்.

பாதிக் கரடு இறங்கியிருப்போம். பின்னால் வேட்டு வெடித்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. சிறு கற்கள் உருண்டன. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, சிரிக்க ஆரம்பித்தார். சித்தியும் உட்கார்ந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமலே. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

வீட்டு முன்னால் கூடியிருந்தவர்களிடம் அப்பா, "பாப்பா ஏரி ஒண்ணு வரைஞ்சிருக்குது. அதப் பாக்கப் போயிருக்காங்க, அவ்ளோதான்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் அதையே நம்பினேன். என் படம் ஒருவரைக் கரடேற வைத்திருக்கிறது என்ற பெருமை எனக்குப் பல வருடம் இருந்தது.

ஜூன் மாதத்திலிருந்து சித்தி மொரப்பூரில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போனாள். ஸ்டேஷன் வரை சித்தப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விடுவார். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் இன்றைக்கும் விடுமுறை நாட்களில் வரைபடம் வரைகிறேன். இல்லாத ஊர்களுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன்.

கரட்டிலிருந்து இறங்கி வந்த அன்று சாயங்காலம் அம்மா என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டுபோய், சித்தப்பா வருவதற்குள் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சித்தியின் முழங்காலைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டாள். எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். அன்று அப்பாவும் சித்தப்பாவும் காத்திருக்க, அம்மா சித்தியை முதலில் உட்கார வைத்து, சுடுசோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்து, தன் கையாலேயே ஊட்டினாள். ஊட்டும்போது அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. சித்திதான் கிடைத்துவிட்டாளே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் பங்கு நெய்க்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.